கடலடியில் பழுது தேடியவர்!

குட்டீஸ்... கம்ப்யூட்டரில் இணையம் திடீரென ஆமை வேகத்தில் நகர்ந்தால் என்ன செய்வீர்கள்? கோபத்தில், பட்டனைத் தட்டோ தட்டென்று தட்டுவீர்கள், இல்லையா? கிட்டத்தட்ட இதே தவறை, 1858ல் பெரியவர்களே செய்தனர். பெரும் செலவில் கடலுக்கடியில் போட்ட கேபிள், அதனால் பாழானது!

அப்போது பொறுமையாக அளந்து பார்த்து, கோளாறைப் புரிய வைத்தவர் வில்லியம் தாம்சன். வெப்பநிலைக்கு, 'கெல்வின்' என்றொரு அலகு உண்டே... அந்த கெல்வின் பிரபு இவர்தான்!

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், 1824 ஜூன் 26ல் பிறந்தார் தாம்சன். ஆறு வயதில் தாயை இழந்தார். கணித ஆசிரியரான தந்தையே பாடம் சொல்லிக் கொடுத்தார். பத்து வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 22 வயதில் அங்கேயே பேராசிரியரானார்!

அந்தக் காலத்தில் அவசரச் செய்தி என்றால் தந்திதான். ஐரோப்பாவையும், அமெரிக்காவையும் தந்தியால் இணைக்க, அட்லாண்டிக் கடலின் அடியில் கேபிள் போட முடிவு செய்தனர். ஆனால், நீண்ட கேபிளில் செய்தி மெதுவாகவே போகும் என, 1855லேயே கணக்குப் போட்டுச் சொன்னார் தாம்சன். கேபிளைச் சுற்றிக் கடல்நீர் இருப்பதால், மின்சாரம் அதில் தேங்கி, மெல்ல வடியும். அது வடிந்தால்தான் அடுத்த எழுத்தை அனுப்ப முடியும். நீளம் இரு மடங்கானால், தாமதம் நான்கு மடங்காகும். எனவே, செம்புக் கம்பி தடிமனாக இருக்க வேண்டும் என்றார். இதைக் கம்பெனியின் மின் பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் ஏற்கவில்லை.

1858 ஆகஸ்டில் கேபிள் கரை சேர்ந்தது. விக்டோரியா மகாராணியின், 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர, 16 மணி நேரமானது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம்! சுமார், 2,000 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தினார் ஒயிட்ஹவுஸ். ஏற்கனவே பலவீனமாக இருந்த கேபிள், சில வாரங்களில் ஊமையானது.

தாம்சனின் வழியோ வேறு. மெல்லிய இழையில் ஒரு குட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டார். அதன் பின்னால் சிறு காந்தம். துளி மின்சாரம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதில் பட்டுத் திரும்பும் விளக்கு ஒளி, அளவுகோலில் நகரும். அதைப் பார்த்தே செய்தியைப் படித்து விடலாம்!

1865ல், 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பிரமாண்டக் கப்பலில் புதிய கேபிள் புறப்பட்டது. தாம்சனும் உடன் சென்றார். கேபிளை இறக்க இறக்க, அந்த ஒளிப்புள்ளியை இரவு பகலாகக் கவனித்தனர். ஒருநாள் புள்ளி எகிறியது. கேபிளை மேலே இழுத்துப் பார்த்தால், ஒரு கம்பித் துண்டு அதைத் துளைத்திருந்தது. சில நாளில் மீண்டும் அதேபோல!

யாரோ செய்த சதி என்று தொழிலாளர்கள் மீது சந்தேகம் எழுந்தது, காவலும் போட்டனர். மூன்றாவது முறைதான் உண்மை தெரிந்தது. கேபிளின் மேலுறையில் இருந்த இரும்புக் கம்பியே ஒடிந்து குத்தியிருந்தது. பாவம், தொழிலாளர்கள் மீது வீண் பழி!

அந்தக் கேபிளும் நடுக்கடலில் அறுந்து மூழ்கியது. ஆனாலும் மனம் தளரவில்லை. 1866 ஜூலை, 27ல் புதிய கேபிள் கரை சேர்ந்தது; மூழ்கிய கேபிளையும் கொக்கி போட்டு எடுத்து இணைத்தனர். நிமிடத்திற்கு எட்டுச் சொற்கள் பறந்தன. அதே ஆண்டு தாம்சனுக்கு, 'சர்' பட்டமும், 1892ல், 'பிரபு' பட்டமும் கிடைத்தன. 1907 டிசம்பர், 17ல் மறைந்த அவரது உடல், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டனுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்றும் கண்டங்களுக்கு இடையே இணையம் ஓடுவது, பெரும்பாலும் கடலடி கேபிள்களில்தான். செம்புக்குப் பதில் கண்ணாடி இழை. மின்சாரத்திற்குப் பதில் ஒளி. கேபிள் அறுந்தால், ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்தே அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கின்றனர்.

என்ன குட்டீஸ்... இனி எது பழுதானாலும் தட்டவும் வேண்டாம், யார் மீதும் சட்டென்று பழி போடவும் வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள்!