மதுவைக் காத்த மேதை பாஸ்டர்

லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டில் டோல் என்னும் ஊரில் தோன்றினார். தந்தையார் தோல் பதனிடுபவர்; தாராவியில் நம்மவர் பலருக்குச் சோறளித்த தொழில்தான்.

1863இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். ஏற்றுமதியான திராட்சை மது வழியிலேயே புளித்தும் கசந்தும் கெட்டு, வணிகரை நஷ்டத்தில் ஆழ்த்தியது. தாம் வளர்ந்த ஆர்புவாவில் பாஸ்டர் நல்ல மதுவையும் கெட்ட மதுவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். கேட்டுக்குக் காரணம் கிருமிகளே எனவும், கொதிக்க விடாமல் 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் அவை மடியும் எனவும் கண்டார்.

சூடுபட்டால் மணம் போய்விடும் என்றனர் வணிகர். சுவை தேர்வதில் வல்லாரை அழைத்து இருவகையையும் பருகச் செய்தார். அவர்கள் நுண்ணிய வேறுபாடுகளைக் கூறினர். பிறகு ஒரே மதுவை இரு கிண்ணங்களில் அளித்தார். அதிலும் வேறுபாடு கண்டனர்! (நம் இல்லத்துக் காப்பியில் குறை காண்போர் நினைவுக்கு வருகின்றனர்.) இறுதியில் கடலே தீர்ப்பளித்தது. ஜான் பார் என்னும் கப்பலில் இருவகையும் பயணம் செய்தன. பத்து மாதங்களுக்குப்பின் சூடாக்கியது தெளிவாயிருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கியிருந்தது.

அம்முறை பின்னர்ப் பாலுக்கும் வந்தது. ஆரே புட்டிப் பால் மாதுங்கா வீடுகளை எட்டியதும் அவ்வழியேதான்.

1895இல் பாஸ்டர் மறைந்தார். அவர் நிலையத்தில் பணியாற்றிய ஹாஃப்கின் 1897இல் இப்பம்பாயிலேயே பிளேக் தடுப்பூசி கண்டார். பரேல் ஆய்வுக்கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.