இசைப் பேராசான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை

பட்டிற்கும் கோயில்களுக்கும் பேர்பெற்ற நமது காஞ்சி இசையுலகிற்கு ஈந்த பெருஞ்செல்வம் நாயனாப் பிள்ளை அவர்கள். 1889ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் சுப்பிரமணியம். அன்னையார் காமாட்சி அம்மாள். அன்னையாரின் உடன்பிறந்தார் தனகோடி அம்மாள் புகழ்வாய்ந்த பாடகி. அந்நாளைய சமூகம் இத்தகைய கலைமரபுப் பெண்களின் பாட்டைப் போற்றியது, பிறப்பையோ இகழ்ந்தது.

இளமையில் நாயனாப் பிள்ளையின் நாட்டம் தேகப்பயிற்சியிலும் மற்போரிலுமே இருந்தது. இசையைக் காலந்தாழ்ந்தே கைக்கொண்டார். எனினும், இடையறாத சாதகத்தால் தாளக் கணக்கில் தமக்கு நிகரில்லை எனும் நிலையை எய்தினார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் புடைசூழ அவர் பாடிய கச்சேரி 'புல் பெஞ்சு' என வழங்கப்பெற்றது. அரிய தாளங்களில் அமைந்த திருப்புகழையும் பல்லவியையும் அவர் எளிதிற் கையாண்டார். காஞ்சியில் தியாகராசர் உற்சவத்தையும் நடத்தி வந்தார்.

1934இல், 45 வயது நிறைவதற்கு முன்னரே அவர் மறைந்தார். அவரது குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. எனினும், அவரது கலை அழியவில்லை. அவரிடம் பயின்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954இல் சங்கீத கலாநிதி ஆனார். சிறுமியாக அவரது கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள், பெண்கள் மேடையில் பல்லவி பாடுதல் அரிதாயிருந்த நாளில் துணிந்து பாடினார். 1970இல் அதே விருதைப் பெற்றார்.

இளைஞர்களே! காலந்தாழ்ந்து தொடங்கினோமென்று கல்வியைக் கைவிடாதீர். கற்றதைப் பிறர்க்கும் கற்பியுங்கள். குரல் ஓய்ந்த பின்னும் நிலைப்பது அதுவே.