இரசிகமணியும் கல்லூரி மாணவரும்

தென்காசியைத் தம் ஊராகவும் குற்றாலத்தைத் தம் இறுதிக்கால உறைவிடமாகவும் கொண்டு விளங்கிய இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரவர்களை நம் சங்கத்தன்பர்கள் நன்கறிவர். கம்பன் கவியில் தோய்ந்தவர் என்றே பெரும்பாலார் அவரைப் போற்றுகின்றனர். மாணவர்பொருட்டு அவர் கொண்ட கவலையோ அத்துணை பேசப்படுவதில்லை. கல்லூரி புகும் மக்களையுடைய பெற்றோர் அதனை அறிதல் நலமென்றெண்ணி இதனை எழுதலானேன்.

1882-ஆம் ஆண்டிற் பிறந்த முதலியாரவர்கள் அக்கால முறைப்படி ஆங்கிலத்தில் உயர்கல்வி பயின்று, சட்டமுங் கற்றுத் திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். சென்னைச் சட்டசபையிலும் இந்து அறநிலைய போர்டிலும் பதவி வகித்தார். அவற்றை விரிப்பிற் பெருகும்.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரமும் தத்துவமும் கற்ற தமிழ் மாணவன் தன் விடைகளை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தது. பொருள் விளங்காவிடத்து, நூலிற்கண்ட வாக்கியங்களை நெட்டுருச் செய்து தாளில் இறக்கிவைப்பான், தேர்ச்சியும் பெறுவான். அவ்விடையில் அவன் எங்கே இருக்கிறான்? முதலியாரவர்களின் நெஞ்சை உறுத்தியது இதுவே. தாய்மொழியிற் சிந்தித்து எழுதப் பழகாதவன் தன் உள்ளத்தையே அறியாதொழிவான் என்பது அவர் கொள்கை. ஆங்கில இலக்கியத்திலும் அவருக்கு ஈடுபாடு பெரிது. ஆதலின் இதனை ஆங்கிலப் பகையென்று எவரும் தள்ளிவிட இயலவில்லை.

தமிழ்ப் பண்டிதரையும் அவர் விட்டாரல்லர். செய்யுளைப் பதம் பிரித்து இலக்கணக் குறிப்பெழுதியவுடன் பாடம் முடிந்ததென்று கருதும் எம்மனோர்க்கு அவர் கூற்றுக் கசந்தது. கசப்பினும் மறுத்தற்கரியது. உரையாசிரியர் சொல்லைத் தன் சொல்லாக எழுதித் தேறுபவனும் ஆங்கில நோட்டை ஒப்பித்துத் தேறுபவனும் ஓரினத்தவரே.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் 1924 முதல் வாரந்தோறும் அன்பர் கூடினர். வட்டத்தொட்டி எனப் பெயர்பெற்ற அவ்வவையில் பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒருங்கமர்ந்து கவி நுகர்ந்தனர். அங்கே வினாத்தாள் இல்லை. பின்னர்க் குற்றாலத்திற் குடியேறியபோது இராஜாஜி, கல்கி முதலியோர் அவரை நாடி வந்தனர். நண்பர்க்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்து அச்சேறின. பேச்சின் ஓசை குன்றாத நடை அவற்றினது. கட்டுரை எழுதப் பழகும் மாணவர்க்கு அவை உற்ற துணை.

ஓரிடத்தில் யான் அவரோடு மாறுபடுகிறேன். பதினாயிரத்தை ஒட்டிய இராமாயணப் பாடல்களுட் பெருந்தொகையானவற்றை இடைச்செருகலென ஒதுக்கி, எஞ்சியவற்றுட் சிலவற்றிற் சொற்களையும் மாற்றிப் பதிப்பித்தார். ஏட்டுச்சான்றினும் தம் செவியுணர்வையே பெரிதும் நம்பினார். ஆராய்ச்சி மாணவன் இதனைப் பின்பற்றலாகாது. உணர்வு தன்னுடையது, மூலபாடமோ பிறருடைமை.

1954-இல் முதலியாரவர்கள் குற்றாலத்திற் காலமானார்கள். ஆறாண்டு கழித்து, 1960-இல், கோவை அரசினர் கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்புச் சோதனையாகத் தொடங்கிற்று. ஆங்கிலவழிப் படிப்பாயினும் மாணவர் தாய்மொழியில் தேர்வெழுத இடந்தருமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தம் பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் அதற்கு இடமுண்டா என்பதைப் பெற்றோர் நேரிற் சென்று வினவுவாராக.