பொருளைப் படமாக வரைந்த பேரறிஞர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், 1839-ஆம் ஆண்டு செப்டெம்பர் 10-ஆம் நாள் சார்லஸ் ஸாண்டர்ஸ் பர்ஸ் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின், ஹார்வர்டு சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர். பணப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே இக்குடும்பப் பெயரின் ஒலியுமாம். ஆயினும் இவரது பை வாழ்நாளின் பிற்பகுதியில் வெறும் பையாகவே இருந்தது.

ரஸாயனம் பயின்று 1863-இல் பட்டம் பெற்ற இவர், கடற்கரை அளவைத் துறையில் ஏறக்குறைய முப்பதாண்டு ஊழியம் புரிந்தார். ஊசலைக் கொண்டு பூமியின் ஈர்ப்பை அளப்பது அங்கு இவர்தம் பணிகளுள் ஒன்று. உள்ளமோ தர்க்க நூலிலேயே தோய்ந்திருந்தது. 1879-இல் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் தர்க்க விரிவுரையாளராக அமர்ந்தார். 1883-இல் மாணாக்கருடன் சேர்ந்து ஒரு தர்க்க நூலும் வெளியிட்டார். மறு ஆண்டே அப்பதவி பறிபோயிற்று. முதல் மனைவியாரிடமிருந்து மணவிலக்குப் பெறுமுன்பே ஜூலியட் என்னும் மாதுடன் வாழ்ந்தார் என்பதே குறை. பின்னர் எக்கல்லூரியும் இவருக்கு நிலையான இடம் அளித்திலது. இவரது நடத்தையைப் பற்றி நாம் யாது எண்ணினும், ஒரு தலைமுறை மாணாக்கர் இழந்த ஆசிரியரை எண்ணி வருந்தாதிருத்தல் இயலாது.

பென்ஸில்வேனியாவில் மில்போர்டு என்னும் ஊரையடுத்த வீட்டில், கடனும் நோயும் சூழ, இவர் எழுதிக்கொண்டேயிருந்தார். நண்பர் வில்லியம் ஜேம்ஸ் பலரிடம் பொருள் திரட்டி உதவினார். அவ்வறுமையிடையே தோன்றியவையே இருப்பு வரைபடங்கள்.

அவற்றின் இயல்பு இது. வெறுந்தாளில் எழுதப்படுவது யாவும் உண்மையெனக் கொள்ளப்படும். மழை பெய்கிறது என்றெழுதி, சுற்றிலும் வளையமிட்டால், மழை பெய்யவில்லை என்பது பொருள். அவ்வளையத்துள்ளேயே இன்னொரு சிறு வளையமிட்டு, அதனுள் தரை நனைகிறது என்றெழுதினால், மழை பெய்தால் தரை நனையும் என்றாகும். மழை பெய்தும் தரை நனையாதிருத்தல் இல்லை என்பதன்றோ அப்படத்தின் நேர்ப்பொருள்! தடித்த கோடொன்று, ஏதோ ஒன்று உளது என்று கூறும். அதன் ஒரு முனையில் மாணவன் என்றும், மறு முனையில் பாடுகிறான் என்றும் எழுதின், பாடுகின்ற மாணவன் ஒருவன் உளன் என்பது பெறப்படும். சேர்த்தற்கும் அழித்தற்கும் சில விதிகளே உள. சூத்திரங்களைக் கண்டு அஞ்சும் மாணவரும் இதன் தொடக்கத்தை ஒரு மாலைப் பொழுதிற் கற்றுவிடலாம்.

தாம் செய்தவற்றுள் இதுவே தலையாயது என்பது இவர் துணிபு. 1903-இல் பாஸ்டன் நகரத்துச் சொற்பொழிவுகளில் இதனை விளக்கினார். 1906-இல் மோனிஸ்ட் பத்திரிகையிலும் எழுதினார். அறிஞருலகம் பொருட்படுத்தவில்லை. 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். அச்சேறாத பல்லாயிரம் பக்கங்களை ஜூலியட் அம்மையாரிடமிருந்து ஹார்வர்டு பெற்றுக்கொண்டது. 1931 முதல் அவை தொகுதி தொகுதியாக வெளிவரலாயின.

1976-இல் ஐ.பி.எம். நிறுவனத்து ஜான் சோவா என்பார், கணிப்பொறியிலுள்ள தரவுகளை மக்கள் பேசும் மொழியிலேயே கேட்டறியும் பொருட்டு, கருத்து வரைபடங்களை அமைத்தார்; பின்னரே அவற்றுக்கு இவ்வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டார். இக்காலத்து வலைச் செயலிகளை ஆக்குவோர் தரவின் பொருளைக் கட்டங்களாலும் கோடுகளாலும் வரைகின்றனர். அவை யாவும் பர்ஸிடமிருந்தே வந்தன என்றல் மிகை. ஆயினும் இவர் கண்ட இடர்ப்பாடும் அவர்கள் காண்பதும் ஒன்றே. ஆசிரியர் என்னும் நம் சொல் கற்பிப்பவரையும் குறிக்கும், நூலியற்றியவரையும் குறிக்கும். எழுத்தை மட்டும் காணும் பொறி இவ்வேற்றுமையை அறியாது. அச்சொல்லினின்று இயற்றினார் என்னும் கோடொன்று புறப்பட்டு நூல் என்பதைத் தொடுமாயின், எவ்வாசிரியர் என்பது அப்பொறிக்கும் விளங்கும்.