வண்டியை நிற்கவிடாத மனிதர்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது பந்தல்குடி. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அந்தச் சாலையில் 70 வருஷத்துக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வருவதாக நினைத்துப் பாருங்கள். பார்க்க அழகான கார். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை!

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் சிறு சிலிண்டரில், கட்டைவிரல் நுனி அளவுள்ள ரப்பர் கிண்ணம் காய்ந்து வெடித்திருக்கிறது. பிரேக் ஆயில் முழுவதும் ஒழுகிவிட்டது.

காலால் மிதித்தால் ஆயில் குழாய் வழியே பாயும். அது பிரேக் ஷூவைத் தள்ளும். ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை அழுத்திப் பிடிக்கும். இதுதான் பிரேக். ஷூவின் லைனிங் தேய்ந்தால் புதிது போடலாம். சிலிண்டரில் குழி விழுந்தால் லேத் பட்டறையில் கடைந்து ஸ்லீவ் போடலாம். ஆனால் அளவு பொருந்தும் ரப்பர் வேண்டுமே! அந்த மாடல் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. இங்கிலாந்து வரை தேட வேண்டியிருக்கிறது. ஏறக்குறையப் பொருந்தும் பொருளைப் போடவும் முடியாது. பிரேக் என்றால் உயிர் அல்லவா?

இன்று பழைய கார்களுக்கு நேரும் இந்தத் திண்டாட்டம், ஒரு காலத்தில் நம் நாட்டில் ஓடிய மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் வழி கண்டவர்களில் ஒருவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்து அவருடைய பெயர்தான்.

வேலையை விட்டார்

அவர் பிறந்தது நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில். ஆண்டு 1877, மார்ச் 22. தந்தையின் விருப்பப்படி வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். பாங்கியிலும் இருந்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. 1912 வாக்கில், மாட்டு வண்டிகளே ஓடிக்கொண்டிருந்த கிராமப்புறச் சாலைகளில் பஸ் விட்டார்.

பஸ் வாங்குவது எளிது. ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் கடினம். எஞ்சினும் பிரேக்கும் கப்பலில் வர வேண்டிய காலம் அது. வறண்ட பூமியில் ஒரு பஸ் பாதி வழியில் நின்றால், நிற்பது வெறும் இரும்பு அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி நிற்கிறாள். சந்தைக்குப் போகும் மிளகாய் வத்தல் மூட்டை நிற்கிறது. ஆகையால் பஸ், லாரி ஓட்டியதோடு அவர் நிற்கவில்லை. மோட்டார் விற்பனை, உதிரிப் பாகங்கள் என்று தொழில் விரிந்தது. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகியவை தோன்றின.

யுத்தம் வந்தது

இரண்டாவது உலக யுத்தம் 1939-ல் மூண்டது. 1942-ல் பர்மாவும் மலேயாவும் ஜப்பானியர் கையில் விழுந்தன. பர்மாவின் பெட்ரோல் நின்றது. மலேயாவின் ரப்பர் நின்றது. சீமையிலிருந்து சாமான்கள் வருவதும் அருகிவிட்டது.

இனி பஸ் ஓடாது என்று பலர் கைகட்டி நின்றார்கள். சுந்தரம் அய்யங்கார் கரியைப் பார்த்தார்! கரியைக் குறைந்த காற்றில் கனலவிட்டால் எரியும் வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். இதற்கான கருவியைத் தயாரித்தார். அதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஏற்றும் தொழிற்சாலையும் அமைத்தார்.

கிடைக்காத பொருளுக்காக அழுவதைவிட, கையிலிருக்கும் பொருளைக் கொண்டு வழி தேடுவதே மேல் என்பதை அவர் செய்து காட்டினார்.

பிரேக் இங்கேயே!

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றார். 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 78.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1962-ல் அவர் குடும்பத்தார் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கூட்டுறவோடு சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகிய கம்பெனிகளைத் தொடங்கினார்கள். கப்பலுக்குக் காத்திருந்த பிரேக், சென்னையை அடுத்த பாடியிலேயே தயாராயிற்று. அதைக் காண அவர் இல்லை. ஆனால் அதற்கான பாதையைப் போட்டவர் அவர்தான்.

சின்னப் பொருள்தானே என்று எதையும் அலட்சியம் செய்யக்கூடாது. பெரிய வண்டியை ஓட வைப்பதும், தக்க சமயத்தில் நிறுத்திக் காப்பதும் அந்தச் சின்னப் பொருளே!