வில்கி காலின்ஸ்: சிறுகச் சிறுகத் திரை விலக்கியவர்

ஓவியர் வில்லியம் காலின்ஸின் மூத்த மகனாக, 1824 சனவரி 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் வில்கி காலின்ஸ். விடுதிப் பள்ளியில் பயின்றபோது, முரட்டு மாணவன் ஒருவனுக்கு இரவுதோறும் கதை சொல்ல வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. மறுத்தால் அடி விழும். ஆயிரத்தொரு இரவுகளை நினைவூட்டும் இக்கொடுமையே தம் கதையாற்றலை எழுப்பிற்று எனப் பின்னாளில் அவர் கருதினார்.

தேயிலை வணிகரிடம் சில ஆண்டுகள் எழுத்தராயிருந்து, பின் சட்டம் பயின்று 1851இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். அத்தொழிலை அவர் மேற்கொள்ளவில்லை. எனினும் அக்கல்வி வீண்போகவில்லை. சார்லசு டிக்கன்சின் வார இதழில் 1859 நவம்பரில் தொடங்கிய 'வெள்ளுடைப் பெண்' புதினத்தை, நீதிமன்றச் சாட்சியங்கள்போல் பலர் வாய்மொழியாக அமைத்தார். ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டுமே உரைப்பர். உண்மையைக் கூட்டிக் காணும் பொறுப்பு படிப்போருடையதாகிறது.

1868இல் வெளிவந்த 'சந்திரக்கல்' இவ்வுத்தியின் உச்சம் என்பேன். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரில் ஆங்கிலேய அதிகாரி ஒருவன் கொள்ளையிட்ட வைரம், இங்கிலாந்தில் ஓர் இளநங்கையிடம் வந்து, அன்றிரவே மறைகிறது. (கொள்ளைப் பொருள் களவுபோன கதையென்பதை நம்மவர் மறத்தலாகாது.) புதிதாய் வண்ணம் தீட்டிய கதவில் ஓரிடம் மட்டும் கலைந்திருக்கிறது. அப்படியாயின் எவருடைய ஆடையிலோ வண்ணக்கறை படிந்திருத்தல் வேண்டும். கறையின் செய்தியை முன்னரே தந்துவிடும் ஆசிரியர், ஆடையை நெடுந்தொலைவு மறைத்து வைக்கிறார். வைரத்தை இழந்தவளோ விசாரணைக்கே ஒத்துழைக்க மறுக்கிறாள். ஏன் என்னும் வினா, எடுத்தவர் யார் என்பதினும் பெரிதாய் வளர்கிறது. ஆடை கிடைக்கும்போது அதில் காணப்படும் பெயரை இங்குக் கூறுதல் முறையன்று, மாணவர் படித்தறிக.

இப்புதினம் வாரந்தோறும் வெளிவந்த நாட்களில் அவர் கடும் கீல்வாத நோயுற்றுக் கிடந்தார். அவ்வாண்டு மார்ச்சில் அன்னையும் மறைந்தார். படுக்கையிலிருந்தவாறே சில பகுதிகளைச் சொல்லிப் பிறரை எழுதச் செய்தார். ஒரு வாரமும் தவணை தவறவில்லை. வலி தணிக்க அவர் அருந்திய அபினிக் கரைசல் நீங்காப் பழக்கமாயிற்று. அதே மருந்து கதையின் முடிச்சிலும் இடம்பெறுகிறது.

பிற்காலப் புதினங்களில் சமூகச் சீர்திருத்தக் கருத்துகள் மேலோங்க, கதைக்கட்டு தளர்ந்தது. 1889 செப்டம்பர் 23ஆம் நாள், தம் 65ஆம் அகவையில், இலண்டனிலேயே காலமானார்.