நகலும் மூலமும்

பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள், மறுத்துப் பேசாதே என்ற குரல் மடாலயங்களில்தான் கேட்கும் என்று எண்ணுகிறோம். ஆராய்ச்சிக்கூடத்திலும் கேட்டதுண்டு, தோழர்களே! அக்குரலுக்கு அடிபணியாமல் ஆறாண்டுக் காலம் ஏறத்தாழத் தனித்தே நின்றவர் ஹோவர்ட் டெமின்.

1934ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தவர்; வழக்கறிஞர் மகன். கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்றை 1911ல் பெய்ட்டன் ரௌஸ் கண்டறிந்திருந்தார். அந்தக் கிருமியையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார் டெமின். 1960ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்த இடம் மாளிகையல்ல, நிலவறை! ஓர் அறையில் நீர் தேங்கும் குழி. மற்றோர் அறையில் கட்டடம் முழுமைக்கும் செல்லும் நீராவிக் குழாய்கள். அங்கேதான் நடந்தது வேலை.

என்ன வேலை? நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் பெட்டியில் பூட்டிய மூலப் பத்திரம் போல இருப்பது டி.என்.ஏ. அதிலிருந்து எடுக்கும் நகல் ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. மூலத்திலிருந்து நகல் வரும். நகலிலிருந்து மூலம் வராது. இதுவே அன்று பாடநூல் சொன்ன நெறி. கோழி வைரஸிடம் இருப்பதோ நகல் மட்டுமே, ஆர்.என்.ஏ. மட்டுமே! ஆனால், டி.என்.ஏ.விலிருந்து நகல் எடுப்பதைத் தடுக்கும் மருந்தை உயிரணுவில் இட்டால் இந்த வைரஸும் பெருகாது நிற்கிறது. மூலமே வேண்டாதவனுக்கு மூலப் பெட்டியைப் பூட்டினால் என்ன நட்டம்? அவன் ஏன் தவிக்கிறான்?

வைரஸ் தன் நகலிலிருந்து ஒரு மூலத்தைத் தயாரித்து, நம் பெட்டிக்குள் நுழைத்துவிடுகிறது என்றார் டெமின், 1964ல். ஏற்க மறுத்தனர் பெரும்பாலோர். சான்று போதாது என்றனர். அது ஒருவகையில் நியாயமே. அவர் காட்டியவை சுற்றடியான சான்றுகள்தாம். மருண்டாரில்லை டெமின். மேலும் தேடினார்.

1970ல் கிடைத்தது! நகலை மூலமாக்கும் நொதி, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், வைரஸின் உள்ளேயே இருந்தது. ஆய்வில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஜப்பானியரான சத்தோஷி மிசுட்டானி. தனியே ஆராய்ந்து அதையே கண்டார் டேவிட் பால்டிமோர். இருவர் கட்டுரைகளும் ஜூன் 27ல் ஒரே இதழில் வெளிவந்தன. 1975ல் நோபல் பரிசு டெமின், பால்டிமோர், டெமினின் ஆசான் டுல்பெக்கோ மூவருக்கும், மிசுட்டானிக்கு இல்லை. பந்தியில் இலை எண்ணிப் போடுகிறார்களே, என் செய்வது!

அந்த நொதி இன்று உலகெங்கும் ஊழியம் புரிகிறது. எய்ட்ஸ் நோய்க்கு 1987ல் வந்த முதல் மருந்து, அக்கிருமியிடமுள்ள இதே நொதியை முடக்குவதுதான். 2020ல் கொரோனா வந்தபோது நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதிலிருந்த கிருமியின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கி, பன்மடங்கு பெருக்கிக் காட்டிய சோதனைக்கும் அந்நொதியே துணை.

பரிசு பெறச் சென்ற இடத்திலும் பாராட்டில் மயங்கினாரில்லை டெமின். புற்றுநோயைத் தடுக்கக் கைக்கெட்டிய வழி சிகரெட்டை விடுவதே, அதைச் செய்யாதிருக்கிறீர்களே என்று விருந்தவையிலேயே சீறினார். புகையை எதிர்த்துத் தொடர்ந்து பேசினார். அவரோ புகை பிடித்தறியாதவர். 1994 பிப்ரவரி 9ஆம் நாள், 59ஆம் வயதில், அவரைக் கொண்டுபோனது நுரையீரல் புற்றுநோய்.